மலேசியா, சிங்கப்பூர் போனால் குறைந்த செலவில் பேச எந்த சிம் வாங்கலாம்?

இறங்கியதும் அந்த நாட்டு ப்ரீபெய்டு சிம் வாங்குங்கள். முன்பணம் கட்டி, அந்தத் தொகைக்குள் பேசும் சிம் அது. பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும்.

நம்மூர் சிம்மிலேயே அங்கே பேசினால் அது ரோமிங். அங்குள்ள டவருக்காக நம் நிறுவனம் அந்நாட்டு நிறுவனத்துக்குப் பணம் தருகிறது. அது நம் தலையில் விழுகிறது. காரைக்குடியிலிருந்து வாடகைக் கார் எடுத்துப்போய் மதுரைக்குள் சுற்றுவது மாதிரி: டிரைவர் பேட்டாவும் சேரும். அங்கேயே ஆட்டோ பிடித்தால் உள்ளூர்க் கட்டணம்தான்.

இந்தியாவுக்குப் பேச நிமிடத்துக்கு எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். டேட்டா மட்டும் அள்ளித் தரும் பிளான், ஊரில் சாதா போன் வைத்திருக்கும் அப்பத்தாவிடம் பேச உதவாது. அப்புறம், வங்கி ஓடிபிக்காக நம்மூர் சிம்மும் போனிலேயே இருக்கட்டும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

சிம் மாற்றினால் வாட்ஸ்அப் எண்ணும் மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்களே மாற்றாதவரை பழைய எண்ணில்தான் இருக்கும்.