அதிகம் ஓடிய பழைய கார்: செலவு செய்து விற்பதா, அப்படியே விற்பதா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 14 வயது. 1,94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் கிளட்ச் நழுவத் தொடங்கியிருக்கிறது, ஏ.சி. சுமார், பம்பரிலும் ஒரு கதவிலும் கீறல்கள். பழைய கார் வாங்கி விற்கும் ஓரிடத்தில் கேட்டால் அடிமாட்டு விலை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சரிசெய்து பெயின்ட் அடித்து விற்கலாமா, இல்லை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: இரண்டுமே நஷ்டம்தான். 1,94,000 என்ற எண்ணைப் பார்த்ததும் வாங்க வருபவரின் மனத்தில் ஒரு கணக்கு ஓடும். கிளட்ச் போனால் இவ்வளவு, இன்ஜினைப் பிரித்தால் இவ்வளவு, கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னும் எவ்வளவோ. அந்தத் தெரியாத செலவையும் சேர்த்துத்தான் அவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். வண்டியைப் புதிதாக்க உங்களால் முடியாது. அவருக்குத் தெரியாததைத் தெரியப்படுத்த முடியும், அதற்கு ஆகும் செலவும் குறைவு.

விற்பதென்று முடிவு செய்துவிட்டால் மீட்டர் 2,00,000-ஐத் தொடுவதற்குள் விற்றுவிடுங்கள். 1,99,000-க்கும் 2,01,000-க்கும் இன்ஜினில் ஒரு வித்தியாசமும் இருக்காது, ஆனால் மனித மனம் முதல் இலக்கத்தைத்தான் பார்க்கிறது. அமெரிக்காவில் 2 கோடிக்கும் அதிகமான பழைய கார் விற்பனைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வொன்றில், ஒவ்வொரு 10,000 மைலைத் தாண்டும்போதும் விலை சட்டென்று ஒரு படி இறங்குவது தெரியவந்தது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றால் உங்களுக்கு நான்கு மாத அவகாசம் இருக்கிறது. மீட்டரைத் திருப்பிவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். தவிர, ஓடிய தூரத்தை மீட்டரோடு வேறு சில கணினிகளிலும் பதித்து வைக்கும் கார்கள் பல உண்டு. அதெல்லாம் இல்லாவிட்டாலும் தேய்ந்த பெடல் ரப்பரும் வழவழத்த ஸ்டியரிங்கும் போதும், காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து காகிதங்கள். பழைய கார் விற்பனையில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வீட்டில் இருக்கும் சர்வீஸ் பில்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்குங்கள். தொலைந்தவற்றுக்கு சர்வீஸ் செய்த இடத்தில் கேளுங்கள், பழைய பில்லை மறுபடி அச்சிட்டுத் தரக்கூடும். பிறகு ஒரே தாளில் தேதி, அப்போதைய கிலோமீட்டர், செய்த வேலை என்று எழுதி மேலே வையுங்கள். உங்கள் இன்ஜினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்கவைக்கும் பட்டை) இருந்தால், அதை மாற்றிய பில்தான் அந்தக் கோப்பிலேயே மதிப்பு மிக்க தாள். குறிப்பிட்ட கிலோமீட்டருக்கோ வருடத்துக்கோ ஒருமுறை மாற்றவேண்டிய பாகம் அது. ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே வீணாகிவிடும். விஷயம் தெரிந்தவர் வந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜின் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், பாதிப்பேருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இப்போது கிளட்ச். முதலில் அது எந்த அளவுக்கு நழுவுகிறது என்று பாருங்கள். உயர் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் நழுவல் உறுதி. ஓட்டிப் பார்க்க வருபவர் இதை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அதனால் மறைக்கும் யோசனையே வேண்டாம். இந்த வயது வண்டியில் கிளட்சுக்குக் கொட்டும் பணம் விலையில் முழுதாகத் திரும்பி வருவது அபூர்வம். என் ஆலோசனை: நல்ல மெக்கானிக் ஒருவரிடம் கிளட்ச் மாற்ற ஆகும் செலவை எழுத்தில் வாங்கி, வருபவர் கையில் கொடுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அவர் தன் மனத்திலிருந்து ஒரு தொகை சொல்வார், அது பெரும்பாலும் உண்மையான செலவைவிட அதிகமாகவே இருக்கும். மேட்டில் ஏற முடியாத அளவுக்குக் கிளட்ச் மோசம் என்றால் மட்டும் மாற்றிவிடுங்கள். ஓட்டிக் காட்டவே முடியாத வண்டிக்கு இரும்பு விலைதான் கிடைக்கும்.

பெயின்ட் வேண்டவே வேண்டாம். 14 வருட வண்டி பளபளவென்று நின்றால் ‘எங்கே இடித்தது?’ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். பெயின்ட் கனத்தை அளக்கும் சிறு கருவி இப்போது சாதாரணமாகிவிட்டது. நிறுவனத்தில் அடித்த பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் சுற்றில் இருக்கும். பட்டி போட்டு மறுபடி அடித்த இடத்தில் அந்த எண் எகிறிவிடும். நியாயமான கீறல் இருக்கட்டும். அதற்குப் பதில் உள்ளே சுத்தம் செய்யுங்கள். எரியாத பல்பு, தேய்ந்த வைப்பர், திணறும் பேட்டரி, சீட்டில் படிந்த வாடை போன்றவை சின்னச் செலவில் தீரும். ‘இதையே கவனிக்காதவர் இன்ஜின் ஆயிலை எங்கே மாற்றியிருக்கப் போகிறார்’ என்ற எண்ணத்தைக் கிளப்புவதும் இவைதான். ஏ.சி.க்கு முதலில் கேபின் ஃபில்டரை, அதாவது உள்ளே வரும் காற்றை வடிகட்டும் பாகத்தை, மாற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் காற்று வராமல் இருப்பதற்கு அதுவே காரணம். கேஸ் கசிவு என்றால் நிரப்பி ஏமாற்றாதீர்கள், உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

டயரும் வயதைச் சொல்லும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன், அதாவது தரையில் படும் பகுதியின் பள்ளம், நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். பல நாடுகளின் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் அது பாதுகாப்புப் பிரச்சினை, மாற்றத்தான் வேண்டும்.

வருகிறவர் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் தெரியும் குறையை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று நினைப்பார். அதனால் இன்ஜின் ஆறியிருக்கட்டும், அவர் முன்னால் கிளப்புங்கள். அதற்கு முந்தைய நாளே நீங்கள் ஒருமுறை கவனித்துவிடுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. குளிர்காலக் காலையில் கொஞ்சம் வெண்புகை இயல்பு, சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இன்ஜினுக்குள் கசிந்து எரிகிறது என்று சந்தேகப்படவேண்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியால் அழித்துவிட்டு விற்கலாம் என்பதும் பலிக்காது. அழித்தவுடன் காரின் சுயபரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும், வாங்குபவரின் ஸ்கேனரில் அது தெரியும்.

கடைக்காரர் குறைத்துச் சொல்வதில் ஆச்சரியமில்லை. பழுது பார்க்கும் செலவு, வண்டி நிற்கும் இடத்துக்கான வாடகை, தன் லாபம் எல்லாவற்றையும் அதிலிருந்துதான் அவர் எடுக்கவேண்டும். இப்படிப்பட்ட வண்டிக்கு நேரடி வாங்குநர்தான் சரி: புதிதாக ஓட்டப் பழகியவர், இரண்டாவது வண்டி தேடுபவர், அல்லது கிளட்சைத் தானே மாற்றிக்கொள்ளும் மெக்கானிக். விளம்பரத்தின் முதல் வரியிலேயே கிலோமீட்டரைப் போடுங்கள், கீறலையும் படமெடுத்துப் போடுங்கள். வண்டி ஈரமாக இருக்கும்போது எடுத்த படம் கீறலை மறைக்கும், நேரில் பார்க்கும்போது அதுவே ஏமாற்றமாகிவிடும். விலைக்கு அதே மாடல், அதே வயது வண்டிகளின் விளம்பரங்களைப் பாருங்கள். ஆனால் அவை கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று ஒரு தொகையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழையதைக் கொடுத்துப் புதுக் கார் எடுக்கும் எண்ணமிருந்தால், முதலில் ‘பழைய வண்டியைக் கொடுக்காமல் வாங்கினால் புதுசு என்ன விலை?’ என்று கேளுங்கள். அதன் பிறகு பழையதைப் பற்றிப் பேச்செடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், பழையதற்குக் கூட்டிக் கொடுத்ததைப் புதியதில் எடுத்துவிடுவார்கள்.

விலை படிந்த பிறகு, பணம் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். உரிமை மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். பெயர் மாறாத வரை அவர் வாங்கும் அபராதம் உங்கள் பெயருக்கே வரலாம். அப்புறம் ஸ்டீரியோவில் பதிந்திருக்கும் உங்கள் போன் தொடர்புகளையும் வழிகாட்டும் நேவிகேஷனில் இருக்கும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். மாற்றுச் சாவியும் ஜாக்கியும் வீட்டில் எங்கே கிடக்கிறது என்று இன்றைக்கே தேடி வையுங்கள்.