பசங்க டீம் கோல் அடிக்கணும்: கேள்வி பதில்

8 முதல் 14 வயசு வரை உள்ள ஃபுட்பால் டீம்கள் பற்றிய கேள்விகள் மட்டும். கோலி (கோல்கீப்பர்) பயிற்சியும் ஷூ பிராண்டும் என் ஏரியா இல்லை.

கே: அரசுப் பள்ளி பி.இ.டி. நான். 16 பசங்க, 4 பால், ஒரே ஒரு கோல் போஸ்ட். தினமும் 20 நிமிஷம் ஷூட்டிங் போடுறேன். மேட்ச்ல மட்டும் கோல் விழ மாட்டேங்குது. ஏன் சார்?

கணக்கு போட்டுப் பாருங்க சார். ஒரே வரிசை, 15 நொடிக்கு ஒரு ஷாட்னா 20 நிமிஷத்துல 80 ஷாட். தலைக்கு 5. மீதி நேரமெல்லாம் முன்னாடி நிக்கிறவன் முதுகைக் கிள்ளிட்டு நிப்பான். அதே 4 பாலை வெச்சு, நாலு மூலையிலும் 2 மீட்டர் அகலத்துல சின்னக் கோல் போடுங்க. அதே நேரத்துல தலைக்கு 20 ஷாட் வரும். கோன் இல்லைன்னா பசங்க பையை வையுங்க. செங்கல் வேண்டாம், விரல் போயிடும்.

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. வரிசையில நின்னு அடிக்கும்போது தடுக்க ஆளே இல்லை. மேட்ச்ல டிஃபென்ஸ் மேல வந்து விழுவான், பால் குதிச்சுக்கிட்டே வரும், பையனுக்கு அரை நொடிதான் கிடைக்கும். அதனால பாதி நேரத்தை நாலுக்கு நாலு ஆட்டத்துக்குக் கொடுங்க. 25க்கு 20 மீட்டர்ல ரெண்டு கிரவுண்டு, 16 பேரும் ஒரே நேரத்துல ஆடுவாங்க. மூணு நிமிஷம் ஆட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு. கோலுக்கு 8 மீட்டருக்குள்ள இருந்து அடிச்சாத்தான் கணக்கு, முதல் டச்லயே அடிச்சா ரெண்டு கோல். கோலி இல்லாம ஆடினா ஒரு கில்லாடி கோல் வாயிலயே போய் நின்னுக்குவான். அதுக்கு கோல் முன்னாடி 2 மீட்டர் அரைவட்டம் கிழிச்சு, உள்ளே யாரும் நிக்கக்கூடாதுன்னு சொல்லிடுங்க.

கே: என் பையனுக்கு 11 வயசு. எப்ப அடிச்சாலும் பால் பாருக்கு மேல போயிடுது. நிறைய பலம் இருக்கு.

பலம்தான் பிரச்சினையே. முழு பலத்தோட அடிக்கப் பார்க்கும்போது உடம்பு பின்னால சாயுது, பால் தூக்கிக்குது. அவன் ஊன்றுற காலைப் பாருங்க. பாலுக்குப் பின்னாடி ஒரு அடி தள்ளி ஊன்றியிருப்பான். பாலுக்குப் பக்கத்துல, ஒரு ஜாண் தள்ளி ஊன்றணும். அந்தக் கால் விரல் கோலைப் பார்க்கணும். அடிக்கிற கணுக்கால் விறைப்பா, விரல் கீழே பார்த்த மாதிரி இருக்கணும். கணுக்கால் தொளதொளன்னு இருந்தா எங்க வேணும்னாலும் போகும். அடிச்சு முடிச்சதும் அடிச்ச கால்லயே முன்னாடி தரையிறங்கணும். பின்னால தள்ளாடினா சாய்ஞ்சிருக்கான்னு அர்த்தம்.

முதல்ல 8 மீட்டர்ல இருந்து சைடு ஃபுட் (பாதத்தோட உள்பக்கத்தால அடிக்கிறது) மட்டும். ரெண்டு போஸ்ட்டுக்கும் 1 மீட்டர் உள்ளே ஒவ்வொரு கோன் வெச்சு, கோனுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல பாஸ் பண்ணச் சொல்லுங்க. பத்துல ஏழு போற வரைக்கும் தூரத்தைக் கூட்டாதீங்க.

பால் சைஸும் பாருங்க. 12 வயசு வரைக்கும் சைஸ் 4. அது 350–390 கிராம், சைஸ் 5 வந்து 410–450. நம்ம செம்மண் கிரவுண்டுல கல்லு மாதிரி காத்தடிச்சா பால் முழங்கால் உயரத்துக்குக் குதிக்கும். குதிக்கிற பாலுக்கு அடியில கால் போனா மேலதான் போகும்.

கே: கோலியோட தனியா மாட்டினா எங்க ஃபார்வர்டு பதறி நேரா அவன் மேலயே அடிக்கிறான்.

கடைசி 10 மீட்டர்ல பாலை ரொம்ப முன்னாடி தள்ளிடுறான், கோலி பாய்ஞ்சு எடுத்துக்கிறான். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு டச், பால் காலை விட்டு ஒரு எட்டுக்கு மேல போகக்கூடாது. பாலைத் தொட்ட அடுத்த கணம் தலையைத் தூக்கி கோலியைப் பார்க்கணும். கோலி அசையாம நின்னா தூரத்துப் போஸ்ட் பக்கம், தரையோட தரையா. கோலி ஓடி வர்றப்போ அவன் ஒரு காலைத் தூக்குற நேரத்துல, அந்தக் கால் பக்கமே. சின்னக் கோலிக்கு கீழே விழத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

பயிற்சி: கோல்ல இருந்து 20 மீட்டர்ல ஃபார்வர்டு, 3 மீட்டர் பின்னாடி துரத்துற டிஃபென்ஸ். விசில் அடிச்சதும் ரெண்டு பேரும் ஓடணும். துரத்துற ஆள் இல்லாம இதைப் போட்டா வீண்.

கே: எங்க விங்கர் (ஓரத்துல ஆடுறவன்) நல்லா ஓடுறான். கிராஸ் எல்லாம் கோலி கைக்கே போகுது.

12 வயசுப் பையன் ஓரத்துல இருந்து கோல் முன்னாடி தூக்கி அடிக்கிற கிராஸ் மெதுவா மிதந்து வரும், எந்தக் கோலியும் பிடிச்சுடுவான். எண்ட் லைன் (கோல் போஸ்ட் நிக்கிற கோடு) வரைக்கும் ஓடச் சொல்லுங்க. அங்க இருந்து தரையோட, பின்னாடி, பெனால்டி புள்ளி பக்கம் இழுத்துக் கொடுக்கணும். டிஃபென்ஸ் எல்லாம் தன் கோலைப் பார்த்து ஓடிட்டிருப்பான், பின்னாடி யார் வர்றான்னு தெரியாது. வாங்குறவன் பாலுக்குப் பின்னாடி நிக்கிறதால ஆஃப்சைடும் (பாலையும் எதிர் டிஃபென்ஸையும் தாண்டி நின்னு பாஸ் வாங்குற தப்பு) கிடையாது.

உள்ளே மூணு பேர் மூணு இடம்: ஒருத்தன் பக்கத்துப் போஸ்ட், ஒருத்தன் தூரத்துப் போஸ்ட், ஒருத்தன் பெனால்டி புள்ளி. மூணாவது ஆள் சீக்கிரம் ஓடிப் போயிடுவான், அதுதான் வழக்கமா நடக்குற தப்பு. விங்கர் தலையைத் தூக்குற வரைக்கும் அவனை டி பாக்ஸ் (கோல் முன்னாடி இருக்கிற பெரிய கட்டம்) கோட்டுலயே நிக்கச் சொல்லுங்க.

கே: என் பொண்ணுக்கு 9 வயசு, பால் மேல மேல போகுது.

ரெண்டாவது பதில். சைஸ் 5 பால் வாங்கிக் கொடுத்திருந்தா முதல்ல அதை மாத்துங்க.

கே: இதெல்லாம் சுத்தி வளைக்கிற வேலை. உயரமான பையனை முன்னாடி நிறுத்தி, பின்னாடி இருந்து தூக்கி அடிச்சா வேலை முடிஞ்சது. 80 சதவீதக் கோல் மூணு பாஸுக்குள்ளதான் வருதுன்னு இங்கிலாந்துலயே கணக்கு எடுத்திருக்காங்க.

எடுத்தவர் சார்லஸ் ரீப். 1950ல ஸ்விண்டன் டவுன்ங்கிற இங்கிலாந்து கிளப்போட மேட்ச்ல பென்சிலோட உட்கார்ந்து ஆரம்பிச்சவர். கணக்கு சரி, முடிவுதான் தப்பு. அவரோட குறிப்புலயே 90 சதவீதத்துக்கு மேலான மூவ் (பால் கிடைச்சதுல இருந்து போற வரைக்கும் ஒரு தொடர்) மூணு பாஸுக்குள்ளயே முடியுது. நூறு மூவ்ல 91 சின்னது, 9 நீளமானதுன்னு வைங்க. கோல்ல 80 சின்னதுல, 20 நீளமானதுல. 91 மூவ் கொடுத்தது 80 பங்கு, வெறும் 9 மூவ் கொடுத்தது 20 பங்கு. ஒரு மூவுக்கு எது அதிகம் தருதுன்னு நீங்களே வகுத்துப் பாருங்க. 2005ல ஹியூஸ், ஃபிராங்க்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் உலகக் கோப்பை மேட்ச்களை இப்படித்தான் வகுத்துப் பார்த்தாங்க.

கே (அதே நபர்): வகுத்தல் கழித்தல் இருக்கட்டும் சார். போன வருஷம் எங்க அண்டர் 12 டீம் இப்படித்தான் கப் அடிச்சது.

அடிச்சிருக்கும். 12 வயசுல சீக்கிரம் வளர்ந்த ஒருத்தன் இருந்தா எந்த முறையும் ஜெயிக்கும். 15 வயசுல மத்தவனும் அதே உயரத்துக்கு வந்துடுவான். அப்ப அந்தப் பையனுக்குப் பாலோட திரும்பி ஆடத் தெரியாது, வர்ற பாலைக் காலால அடக்கத் தெரியாது. மீதி பத்துப் பேரும் பாலைத் தொட்டதே கம்மி.

கே (வேறொருவர்): அண்ணே, அப்போ தூக்கியே அடிக்கக்கூடாதா? எதிர் டீம் ஏறி நின்னா?

தம்பி, ஏறி நின்னா பின்னாடி காலி இடம் இருக்கு, தாராளமா அடிங்க. இடத்தைப் பார்த்து அடிக்கிறது வேற, பயத்துல தூக்குறது வேற. கப் அடிச்ச அண்ணன் இன்னும் ரெண்டு பதில் அனுப்பியிருக்கார். ரெண்டுலயும் கப்தான் இருக்கு, கணக்கு இல்லை. இதை இதோட விட்டுடுவோம்.

கே: கார்னர்ல தலையால அடிக்கப் பழக்கலாமா? அண்டர் 10.

வேண்டாம். அமெரிக்காவுல 10 வயசுக்குள்ள ஹெட்டிங்கையே தடுத்துட்டாங்க, இங்கிலாந்துல 2020ல இருந்து தொடக்கப் பள்ளி வயசுக்குப் பயிற்சியில வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கார்னரைத் தூக்கி அடிக்காம பக்கத்துல நிக்கிறவனுக்கு ஷார்ட்டா கொடுத்து, நம்ம ரெண்டு பேருக்கு அவங்க ஒருத்தன்னு ஆக்குங்க.

கே: சார், பால் பாருக்கு மேல...

ரெண்டாவது பதில். தயவு செஞ்சு.

கே: 13 வயசுப் பையன், ஷூட் பண்ணும்போது முட்டிக்குக் கீழே எலும்பு மேட்டுல வலிக்குதுங்கிறான். ஸ்ப்ரே அடிச்சு ஆட வைக்கலாமா?

கூடாது. ஷூட்டிங்கை நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. வேகமா வளர்ற வயசுல தசைநார் எலும்போட சேர்ற இடம் இப்படி வலிக்கிறதுண்டு. அது அதுதானான்னு டாக்டர்தான் சொல்லணும்.

கே: வெளியே நின்னு பெற்றோர் "ஷூட்! ஷூட்!"னு கத்துறாங்க. பசங்க 25 மீட்டர்லயே அடிச்சுடுறாங்க.

பெற்றோர்கிட்ட ஒரு நோட்டைக் கொடுங்க. டி பாக்ஸ் உள்ளே இருந்து எத்தனை ஷாட், வெளியே இருந்து எத்தனை, அதுல கோல் எத்தனைன்னு குறிக்கச் சொல்லுங்க. மூணு மேட்ச்ல கத்தல் அடங்கிடும். அடங்கலைன்னா அவங்களை எதிர்க் கோல் பின்னாடி உட்கார வைங்க.

கே: அடுத்த ஞாயிறு டோர்னமெண்ட், செவன்ஸ் (ஏழு பேர் டீம்). ஒரு வாரத்துல என்ன பண்ணலாம்?

புதுசா எதுவும் வேண்டாம். மூணு விஷயம் போதும். த்ரோவுல ஆஃப்சைடு கிடையாது, அதனால த்ரோ கிடைச்ச உடனே ஒருத்தன் டிஃபென்ஸுக்குப் பின்னாடி ஓடட்டும். செவன்ஸ்ல ஆஃப்சைடே வைக்காத டோர்னமெண்டும் உண்டு, முன்னாடியே விதியைக் கேட்டு வெச்சுக்குங்க. ரெண்டாவது, யார் ஷாட் அடிச்சாலும் இன்னொருத்தன் தூரத்துப் போஸ்ட்டுக்கு ஓடணும். சின்னக் கோலி பாலைப் பிடிக்கிறதைவிடத் தட்டி விடுறதுதான் அதிகம். மூணாவது, பாலைப் பிடுங்கின முதல் பாஸ் முன்னாடி போகணும், அப்ப எதிர் டீம் சிதறிக் கிடக்கும். புதன், வியாழன் ஆறுக்கு ஆறு ஆடுங்க, சனிக்கிழமை ஓய்வு.

கிரவுண்டுல இருக்குறது தூக்கி வைக்கிற இரும்புக் கோல் போஸ்ட்டுன்னா, ஆட்டத்துக்கு முன்னாடி பின்பக்கத்தை முளை அடிச்சுக் கட்டுங்க, இல்லை மணல் மூட்டை வைங்க. பசங்க பார்ல தொங்குவாங்க, போஸ்ட் அப்படியே மேல சாயும். கட்டாத போஸ்ட்டுல டீமை இறக்காதீங்க.