கயிற்றுக்குப் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சின் ரென் நகரில் எனக்குப் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த பேராசிரியர் ஓய்வுபெற்றதும் தன் நூல்களில் பாதியைக் கொடுத்துவிட்டு, கடலோர ஊரான சேன் மாலோவில் ஒரு சிறு பாய்மரப் படகே கதி என்று இருக்கிறார். ஓய்வூதியம் அதற்கே போகிறதாம். வாழ்நாளெல்லாம் மொழிக்கு உழைத்தவர் ஒரு பொழுதுபோக்குக்காக அதைக் கைவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் வருத்தத்துக்குள் ஆசிரியர்மீதுள்ள பாசம் தெரிகிறது. ஓய்வூதியம் அவர் வீட்டு விஷயம்; அதை விடுங்கள். ஆனால் அவர் மொழியைக் கைவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் படித்தவர் எழுதக் கூடாத வாக்கியம் அது.

சில ஆண்டுகளுக்கு முன், சேன் மாலோவை ஒட்டிய ஒரு குடாவில், ஓய்வுபெற்ற வேறொரு பிரெஞ்சுப் பேராசிரியரின் படகில் ஏறினேன். ஓதம் இறங்கிக் கடல் வற்றி, படகு சேற்றில் நின்றது. காலடியில் கிடந்த கயிற்றைக் காட்டி, பாடநூலில் படித்தபடி 'கோர்த்' என்றேன். அவர் முகம் சுருங்கியது. கப்பலில் மணியடிக்கும் கயிற்றுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்று சொல்லி, மற்றவற்றை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். பாயை மேலே ஏற்றுவது த்ரீஸ். ஏற்றிய பாயைக் காற்றுக்கேற்ப இழுத்தும் தளர்த்தியும் பிடிப்பது எகூத். படகைக் கரையோடு கட்டுவது அமார். வகுப்பில் சொல் தவறினால் மதிப்பெண் போகும். இங்கே த்ரீஸை எகூத் என்று நினைத்து அவிழ்த்தால் பாய் தலையில் விழும்.

அந்தச் சொற்கள் வந்த வழியையும் பாருங்கள். த்ரீஸ் இத்தாலியர் தந்தது. எகூத் வடகடலோடிகளின் பழைய மொழியிலிருந்து வந்தது. பாய்மரத்தைத் தாங்கும் ஓபானும், அலை என்று பொருள்படும் வாக் என்ற சொல்லும் அப்படியே. இடப்புறத்தைக் குறிக்கும் பாபோரும் வலப்புறத்தைக் குறிக்கும் த்ரிபோரும் டச்சு மாலுமிகளுடையவை. எந்தச் சொல் தகும், எது தகாது என்று பார்த்துச் சொல்ல 1635 முதல் ஓர் அகாதெமியை வைத்திருக்கும் மொழி, கடலில் இறங்கியதும் அயலாரின் சொற்களைக் கூசாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. கையில் காய்ப்பு ஏறியவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வளர்த்த அந்தப் பிரெஞ்சை எந்தப் பல்கலைக்கழகம் உங்களுக்குக் கற்பித்தது? நூலகத்தில் இருப்பது மட்டுமே மொழி என்ற எண்ணம் நம்மிடமும் வேரோடியிருக்கிறது. நம் கடலோரத்தார் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கும் பெயர்களில் பத்தையாவது அறியாதவர்கள் தமிழில் பட்டம் பெறுகிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

அன்று நீர் ஏறக் காத்திருந்தோம். அங்கே பெரிய ஓத ஏற்றத்தின்போது கடல் 12 மீட்டருக்கும் மேல் உயரும். அவர் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் 1, 2, 3, 3, 2, 1 என்று எழுதினார். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் மணிக்கு எத்தனை பங்கு ஏறும் என்னும் கணக்கு அது. பிறகு நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்றார். செவ்வியல் பிரெஞ்சுக் கவிதையின் அலெக்சாந்திரேன் என்ற அடிவகைக்கும் பன்னிரண்டு அசைகள்தாம், ஆறாவதன் பின்தான் நிறுத்தம். விரலால் பலகையில் தட்டித் தட்டி எனக்கு அசை பிரித்துக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் விரல் அந்தக் கோட்டை இரண்டாம் முறை தாண்டியபோது, அடியில் சேறு மெல்ல உறிஞ்சும் ஓசை கேட்டது; படகு அசைந்தது.