ஆம்லெட்டுக்குள் என்ன வைக்கலாம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கருவாட்டுச் சந்தை பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோரும் படித்தோம். அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று கேட்க இந்தக் கடிதம். எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக ஆம்லெட் சண்டை. மகள் பெங்களூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துவிட்டு வந்திருக்கிறாள். சீஸ், காளான், குடைமிளகாய், ஸ்வீட் கார்ன் எல்லாம் வைத்து மடித்து ஒன்று செய்கிறாள். அத்தைக்கு (என் மாமியார்) அது பிடிக்கவில்லை. "வெங்காயம், பச்சை மிளகாய் தாண்டி எது போட்டாலும் அது ஆம்லெட் இல்லை" என்கிறார். நான் இருவருக்கும் நடுவில் நம் ஊர்ச் சரக்கு ஏதாவது வைத்துப் பார்ப்போம் என்று பச்சை இறாலை நறுக்கி முட்டையோடு அடித்து ஊற்றினேன். கல் முழுக்கத் தண்ணீர். இறால் ரப்பர் மாதிரி. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அதுதான் மோசம்.

கடலோரத்தில் இருந்துகொண்டு மீனையும் முட்டையையும் சேர்க்க முடியாதா? எதோடு எது சேரும்? நீங்கள் ஆம்லெட்டில் என்ன வைப்பீர்கள்? கடைசியாக ஒன்று: சின்னவன் சீனி போட்ட ஆம்லெட் கேட்கிறான். கொடுக்கலாமா?

ந.,
திருப்பாலைக்குடி

அன்புள்ள ந. அவர்களுக்கு,

உங்கள் அத்தை சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் கணக்கைச் சொல்லாமல் விடையை மட்டும் சட்டமாகப் போட்டுவிட்டார். கணக்கு இதுதான்: முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். சூடு ஏறும்போது அதிலுள்ள புரதம் வலை பின்னி அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளைக்கரு அறுபது டிகிரியைத் தாண்டியதும் கட்ட ஆரம்பிக்கும், மஞ்சள் கொஞ்சம் பிந்தி. அந்த அளவில் எடுத்தால் மெத்தென்று இருக்கும். இன்னும் காயவிட்டால் வலை இறுகி, பிடித்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஆக, முட்டைக்குத் தன் தண்ணீரைச் சமாளிப்பதே பெரிய வேலை. நாம் உள்ளே வைக்கிற பொருளும் தண்ணீர் விட்டால் அவ்வளவுதான்.

உங்கள் இறாலுக்கு நடந்தது அதுதான். பச்சை இறால் வெந்து சுருங்கும்போது நிறையத் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் சுண்டட்டும் என்று நீங்கள் கல்லில் விட்டு வைத்திருப்பீர்கள், அதற்குள் இறாலும் முட்டையும் இரண்டுமே அதிகம் வெந்துபோயிருக்கும். இறாலை முதலில் தனியாக மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போட்டு வாணலியில் பிரட்டி, விடும் தண்ணீர் முழுக்கச் சுண்டி எண்ணெய் மினுங்கும்போது இறக்குங்கள். ஆறவிட்டுப் பொடியாக நறுக்கி, அப்புறம் முட்டையில் கலந்து ஊற்றுங்கள். அத்தை இரண்டாவது கேட்பார். கணவாய்க்கும் இதே வழி, ஆனால் கணவாய் இரண்டு நிமிடம் அதிகம் வெந்தாலே இழுக்கும். அதனால் நல்ல தீயில் வளையங்களைச் சட்டென்று சுருட்டி எடுத்துவிட வேண்டும்.

ஆம்லெட்டுக்கு ஈரம் போன பொருள்தான் வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். ஈரம் போன பொருள் என்று தேடினால், நம் இராமநாதபுரம் கரைக்கு மேல் ஒரு கடையும் கிடையாது. மண்டபம், பாம்பன், தொண்டி, ஏர்வாடி என்று எந்தக் கரையில் நடந்தாலும் மீன் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் பச்சை மீனையும் முட்டையையும் சேர்க்கப் பார்த்தீர்கள். கருவாட்டையும் முட்டையையும் சேர்த்திருக்க வேண்டும்.

முதலில் நிற்பது சென்னாக்கூனி. காய்ந்த குட்டிக் கூனி இறால். ஊறவைக்கவே கூடாது. மணலில் காயப்போட்டதாக இருந்தால் சல்லடையில் நன்றாகச் சலித்துவிட்டு, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டைக்கு ஒரு பெரிய கரண்டி போதும். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு பச்சை மிளகாய். முட்டையில் உப்பு போடாதீர்கள், கூனியிலேயே இருக்கிறது. அடித்தவுடன் ஊற்றிவிட வேண்டும், நின்றால் கூனி நமத்துவிடும். நல்லெண்ணெயில் சுட்டால் இதன் வாசம் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

அடுத்தது நெத்திலிக் கருவாடு. தலையைக் கிள்ளி எறிந்து, வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு தண்ணீர் அலசிப் பிழிந்து, எண்ணெயில் சிவக்க வறுத்து, கையால் நொறுக்கிப் போடுங்கள். இதற்குப் பச்சை மிளகாய் வேண்டாம், முண்டு மிளகாய் வேண்டும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் விளைகிறதே, உருண்டையாக, தோல் தடித்த மிளகாய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதேதான். இரண்டு மிளகாயை எண்ணெயில் போட்டால் உப்பிக்கொண்டு கருஞ்சிவப்பாகும். எடுத்து ஆறவிட்டுக் கையில் நொறுக்கினால் வருகிற பொரபொரப்பான தூள்தான் இந்த ஆம்லெட்டின் பாதி ருசி. கடைத் தூள் போட்டால் காரம் இருக்கும், அந்த வறுத்த மணம் இருக்காது. கொத்தமல்லித் தழை இதற்கு ஆகாது. கருவாட்டோடு அது சண்டை போடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் நம் பக்கத்து அடுப்புகளில் முட்டையும் கருவாடும் அதிகம் சந்தித்துக்கொள்கின்றன. நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் விலை கேட்டால் நாமக்கல் முட்டையே மேல் என்று தோன்றிவிடும். இந்த ருசியை வளர்த்ததில் தடைக்காலத்துக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம்.

மாசியை மறந்துவிடக் கூடாது. சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்தது, மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்வார்கள். கீழக்கரைப் பக்கம் இது புதிதல்ல, எதிர்க்கரை இலங்கையிலோ மாசி இல்லாத சம்பலே குறைவு. கட்டை மாதிரி இருப்பதை உரலில் இடித்துத் தூளாக்கி, ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் மேல், தேங்காய்த் துருவலோடும் சின்ன வெங்காயத்தோடும் முட்டையில் கலந்தால் போதும். இது மீன் ஆம்லெட் என்று யாருக்கும் தெரியாது, ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்பார்கள். இதைத் தேங்காய் எண்ணெயில் சுட வேண்டும்.

அப்படியானால் பச்சை மீனுக்கு வழியே இல்லையா என்றால், முன்னாடியே ஈரம் வற்றியிருந்தால் உண்டு. சுறாப்புட்டு மீந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஆம்லெட்டில் வையுங்கள். வேகவைத்து, உதிர்த்து, வெங்காயம் பூண்டோடு வதக்கி, ஆம்லெட்டுக்காகவே பிறந்த பண்டம் அது. நேற்று பொரித்த மீன் துண்டுகளும் அப்படித்தான், முள்ளை எடுத்துவிட்டு உதிர்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று மீன் சினை. மஞ்சள், உப்புப் போட்ட தண்ணீரில் வேகவைத்து உதிர்த்து, மிளகோடு வதக்கி வைத்தால் முட்டைக்குள் முட்டை. நாக்கில் மணல்மணலாக உடையும். எல்லோருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

நண்டு தனிக் கதை. பாக் நீரிணைப் பக்கம் நீலக்கால் நண்டு கிடைக்கிற ஊரில் இருக்கிறீர்கள், கொடுத்து வைத்தவர். நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்பார்கள் நம் ஆட்கள், அதனால் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை வாங்குங்கள். ஆவியில் வேகவைத்து, சதையை உதிர்த்து, ஓட்டுத் துண்டு ஒன்றும் தங்காமல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம், நுணுக்கிய சோம்பு, மிளகு போட்டு உதிரியாக வதக்குங்கள். தக்காளி கூடவே கூடாது. இதை முட்டையோடு கலக்க வேண்டாம். ஆம்லெட் மேலே இன்னும் பளபளவென்று ஈரமாக இருக்கும்போது நடுவில் வரிசையாக வைத்து மடியுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் மகளின் வழிக்கு வர வேண்டியிருக்கிறது. நாம் பொதுவாக எல்லாவற்றையும் முட்டையோடு கலந்து அடித்து ஊற்றித் திருப்பிப் போடுகிறவர்கள். அவள் வைத்து மடிக்கிறாள். கூனி, மாசி, வெங்காயம் போலப் பொடியான, உலர்ந்த பொருளென்றால் கலப்பதே நல்லது, ஒவ்வொரு வாயிலும் வரும். நண்டு, காளான், கறி போலச் சதைப்பற்றாக இருப்பதைக் கலந்தால் முட்டை கிழியும், திருப்பும்போது பாதி கல்லிலேயே நிற்கும். அதற்கு மடிப்புதான். மதுரைப் பக்கத்துக் கரண்டி ஆம்லெட்டில் மட்டும் எதையும் கலக்கலாம். குழிவான இரும்புக் கரண்டியில் கனமாக வேகிறது, கிழிய வழியில்லை. வீட்டில் கரண்டி இல்லையென்றால் பணியாரச் சட்டியில் ஊற்றிப் பாருங்கள், இறால் அதற்கு அமைவாக உட்காரும்.

காளானுக்கும் அதே தண்ணீர்ப் பிரச்சினைதான். வதக்க ஆரம்பித்ததும் நிறையத் தண்ணீர் விடும், அது முழுக்கச் சுண்டிப் பழுப்பேறும் வரை மகள் பொறுமையாக நிற்கட்டும். நெய்யும் மிளகும் போதும். அதன்மேல் கொஞ்சம் சீஸ் துருவினால் நன்றாகவே இருக்கிறது, அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். குடைமிளகாயைப் பொடியாக நறுக்கி வதக்கிச் சேர்க்கட்டும். பன்றி இறைச்சியோடும் வெங்காயத்தோடும் அதைச் சேர்த்து அமெரிக்காவில் டென்வர் ஆம்லெட் என்றே ஒன்று இருக்கிறது. ஸ்வீட் கார்ன் எனக்குப் பிடிக்காது, காரணம் எதுவும் இல்லை. சீஸையும் கருவாட்டையும் மட்டும் ஒன்றாகப் போட வேண்டாம், உப்பும் உப்பும் மோதி நாக்கு மரத்துவிடும்.

மீனும் சீஸும் சேரவே சேராதா என்று மகள் எதிர்க்கேள்வி கேட்டால், சேரும். லண்டன் சவாய் ஹோட்டலில் ஒரு நாவலாசிரியருக்காகச் செய்யப் போய் அவர் பெயரிலேயே நிலைத்துவிட்ட ஆம்லெட் ஒன்று இருக்கிறது. உள்ளே ஹேடக் மீனும் சீஸும். ஆனால் கவனியுங்கள், அந்த ஹேடக் உப்பிட்டுப் புகையூட்டியது. அங்கேயும் பச்சை மீனை நம்பவில்லை. உப்பை இழுக்கப் பாலில் வேகவைக்கிறார்கள், அதனால் சீஸ் தாங்குகிறது. தைவான், பினாங்குப் பக்கம் ஆளி என்கிற சிப்பியின் சதையைப் பச்சையாகவே ஆம்லெட்டில் போடுகிறார்கள். அது விடுகிற தண்ணீரைக் கட்ட மரவள்ளி மாவோ சர்க்கரைவள்ளி மாவோ கரைத்து ஊற்றுவார்கள். உங்களுக்கும் அவசரத்தில் இறால் நீர்த்துவிட்டால் ஒரு சின்னக் கரண்டி அரிசிமாவு கைகொடுக்கும். ஆனால் ஓரம் மொறுமொறுப்பாகி அடைக்குப் பக்கமாகப் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள்.

கீரை வைக்க நினைத்தால் முருங்கைக்கீரை. மற்ற கீரைகள் நீர் விடும். இது எண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு இரண்டு பிரட்டு பிரட்டினாலே அடங்கிவிடும். தக்காளியை விதைப் பகுதியை வழித்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள், இல்லையென்றால் தனியாகத் தொக்கு வைத்துப் பக்கத்தில் வையுங்கள். மீன் குழம்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்றால் உள்ளே எதுவும் வேண்டாம். அங்கே அத்தையின் வெங்காயம், பச்சை மிளகாய் ஆம்லெட்தான் சரி, வேறு எது வைத்தாலும் குழம்போடு போட்டி போடும்.

நான் என்ன வைப்பேன் என்று கேட்டீர்கள். காலையில் இடியாப்பத்தோடு என்றால் மாசியும் தேங்காயும். பழைய சோற்றுக்குச் சென்னாக்கூனி. விருந்தாளி வந்தால் நண்டு, அதுவும் அவர் அதற்குத் தகுதியானவராக இருந்தால்.

சின்னவன் கேட்டது. தாராளமாகக் கொடுங்கள். முட்டையும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்ந்தால் வட்டிலப்பம் ஆகிற கரையில், முட்டைக்கு இனிப்பு ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு முட்டைக்கு ஒன்றரைக் கரண்டி சீனி, இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு ஏலக்காய், நெய். கருப்பட்டி கரைத்து ஊற்றாதீர்கள், அது நீர்த்துப்போகும். சீனி சீக்கிரம் கருகும் என்பதால் தீ மிகக் குறைவாக இருக்கட்டும். கல்லையும் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். முன்னால் சுட்ட நெத்திலி எண்ணெய் அதில் மிச்சம் இருந்தால் பையன் இனிமேல் ஆம்லெட்டே கேட்க மாட்டான்.