நாற்பத்து மூன்று வயதில் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ படிக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் உற்பத்திப் பிரிவின் பொது மேலாளராக இருக்கிறேன். வயது 43. பி.இ. மெக்கானிக்கல் முடித்து, ஷாப் ஃப்ளோரில் தொடங்கி 20 ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்தேன். எனக்குக் கீழே 300 பேர். எங்களுடையது குடும்ப நிறுவனம். எம்.டி.யின் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு இப்போது பொறுப்புக்கு வந்திருக்கிறார். மீட்டிங்கில் அவரும் அக்கவுண்ட்ஸ் ஆட்களும் பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. சென்னையில் வார இறுதி எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ சேரலாம் என்று பார்க்கிறேன். கட்டணம் 20 லட்சத்தை ஒட்டி வருகிறது. மகன் பிளஸ் ஒன், மகள் ஆறாம் வகுப்பு. இப்போது சேரலாமா, இல்லை வயது தாண்டிவிட்டதா?

பதில்: வயது தாண்டவில்லை. இந்தப் படிப்பே உங்களைப் போன்றவர்களுக்காக வந்ததுதான். 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகம் இதைத் தொடங்கியபோது, வேலையை விடாமல் படிக்க வேண்டிய மேலாளர்களைத்தான் மனதில் வைத்திருந்தது. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இரண்டு வலி இருக்கிறது. ஒன்று, கணக்கு புரியவில்லை என்பது. இன்னொன்றை நீங்கள் வெளிப்படையாக எழுதவில்லை. 20 ஆண்டுகள் உழைத்த இடத்தில், நேற்று வந்தவர் உங்களுக்கு மேலே உட்கார்ந்துவிட்டார். முதல் வலிக்குப் படிப்பு மருந்தாகும். இரண்டாவதுக்கு ஆகாது. குடும்ப நிறுவனத்தில் உச்சி நாற்காலி யாருக்கு என்பது எந்தப் பட்டத்தாலும் மாறுவதில்லை. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால், 20 லட்சம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் இன்னும் கஷ்டம்.

நானும் 41 வயதில் வார இறுதி வகுப்பில் உட்கார்ந்தவள். அங்கே வால்வு தயாரிக்கும் ஆலையிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் அவருடைய ஆலைக் கணக்கையே போர்டில் எழுதினார். சரக்கு 60 நாள் கிடங்கில் கிடக்கிறது. டீலரிடமிருந்து பணம் வர 90 நாள். சப்ளையருக்கு நீங்கள் கொடுப்பது 45 நாள் கழித்து. அறுபதையும் தொண்ணூறையும் கூட்டி 45-ஐக் கழித்தால், 105 நாள் உங்கள் பணம் வெளியே நிற்கிறது. ஒரு நாள் செலவு 20 லட்சம் என்றால் மொத்தம் 21 கோடி. பத்து சதவீத வட்டி போட்டால் வருடத்துக்கு 2 கோடியே 10 லட்சம். வகுப்பில் சத்தமே இல்லை. டீ இடைவேளையில் அந்த மனிதர் வராந்தாவில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்: "அடுத்த லோடு காஸ்டிங்கை இப்போ இறக்க வேண்டாம்."

உற்பத்தி ஆட்கள் ‘கையில் ஸ்டாக் இருந்தால் நிம்மதி’ என்று பழகியவர்கள். அந்த நிம்மதிக்கு என்ன விலை என்று அன்று அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் வங்கிக்காரர், மருத்துவமனை நிர்வாகி, ஐடி ஆள் எனப் பலர் உட்கார்ந்து அதே கணக்கை வேறு வேறு விதமாகப் பார்த்தார்கள். வகுப்பின் நிஜமான மதிப்பு அதுதான்.

ஆனால், உங்களுக்கு முதலில் வேண்டியது கணக்கு மொழி. அதற்கு இன்றே 20 லட்சம் தேவையில்லை. உங்கள் நிறுவனத்தின் கடைசி மூன்று வருட பேலன்ஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அக்கவுண்ட்ஸ் மேலாளருடன் உட்காருங்கள். ‘எனக்குப் புரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையதளத்தில் நிதிக் கணக்கியல் வகுப்புகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், எட்டு அல்லது பன்னிரண்டு வாரப் படிப்புகள். இதில் இன்னொரு பலனும் உண்டு: பன்னிரண்டு சனிக்கிழமைகளை உங்களால் ஒதுக்க முடியவில்லை என்றால், இரண்டு வருட வார இறுதிகள் எப்படி என்பது தெரிந்துவிடும்.

வார இறுதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் ஐஐடி மெட்ராஸ், ஐஐஎம் திருச்சி இரண்டுமே வேலையில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட படிப்பை நடத்துகின்றன. தரத்தில் சந்தேகமில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றாலும், வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, திங்கள் காலை இறங்கி நேராக ஆலைக்குப் போவது, இரண்டு வருடத்தில் ஐம்பது தடவைக்கு மேல். அந்த இரண்டு வருடத்துக்குள்தான் உங்கள் மகனின் பிளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் கல்லூரி அட்மிஷனும் வருகின்றன. கடிதத்தில் உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. தயவுசெய்து அவரிடம் கேளுங்கள். வீட்டில் அந்த ஐம்பது வார இறுதிகளைச் சுமக்கப் போகிறவர் அவர்தான்.

அப்புறம், எம்.டி.யிடம் நேரடியாகப் பேசுங்கள். ‘இதை முடித்தால் எனக்கு என்ன பொறுப்பு தருவீர்கள்? கட்டணத்தில் நிறுவனம் பங்கெடுக்குமா?’ பங்கெடுத்தால் சில வருடங்கள் வேலையை விடக்கூடாது என்று பாண்டு கேட்பார்கள், அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அவர் பதில் மழுப்பலாக இருந்தால், நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போகத்தான் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படிப் படிப்பதிலும் தப்பில்லை. ஆனால் வார இறுதிப் படிப்புகளில் பெரும்பாலும் கேம்பஸ் இன்டர்வியூ இருக்காது, வேலையை நீங்களேதான் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் விசாரிக்கத் தொடங்கியதும் போன் மேல் போன் வரும். எக்ஸிகியூட்டிவ் என்ற சொல் இருப்பதெல்லாம் எம்பிஏ ஆகாது. ஐஐஎம்களுக்கே 2017 சட்டம் வந்த பிறகுதான் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடைத்தது, அதற்கு முன்பு டிப்ளமோதான். முடிவில் கிடைப்பது பட்டமா, டிப்ளமோவா, வெறும் சான்றிதழா என்பதை எழுத்தில் வாங்குங்கள். படித்து முடித்து மூன்று வருடமான இருவரிடம் பேசுங்கள். கல்லூரி கொடுக்கும் போன் நம்பர்கள் வேண்டாம், உங்கள் சிட்கோ தொழிற்பேட்டை வட்டாரத்திலேயே விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். கடன் வாங்கினால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிவிலக்கு உண்டு. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் முடிவைக் கேட்டால், இந்த வருடம் வேண்டாம். பேலன்ஸ் ஷீட், எம்.டி.யிடம் அந்தப் பேச்சு, இரண்டையும் முதலில் முடியுங்கள். மகன் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அந்த வகுப்பறை மேல் ஆசை இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். அப்போது உங்களுக்கு 45 வயது, ஓய்வுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடங்கள் இருக்கும். எம்.டி. என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.