அலுமினியப் படகில் அவுட்போர்டு மோட்டார்: கிளாம்ப் போதுமா, போல்ட் போட வேண்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் 14 அடி நீளமுள்ள, ரிவிட் அடித்த பழைய அலுமினியப் படகு இருக்கிறது. இதுவரை, படகின் பின்னால் வெளியே தொங்கும் 9.9 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரைக் கிளாம்பில் (திருகி இறுக்கும் பிடியில்) மாட்டி ஓட்டிவந்தேன். இப்போது 20 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கியிருக்கிறேன். இதையும் கிளாம்பிலேயே மாட்டலாமா, இல்லை துளை போட்டு போல்ட் இறுக்க வேண்டுமா? துளை போட்டால் தண்ணீர் இறங்காதா? மோட்டாரை எந்த உயரத்தில் வைப்பது?"

போல்ட் போடுங்கள். ஆனால் இன்றைக்கே டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் படகின் உள்பக்கம் எங்காவது ஒட்டியிருக்கும் திறன் தகட்டைப் பாருங்கள். அதிகபட்சம் எத்தனை எச்.பி., ஆட்களும் மோட்டாரும் சரக்கும் சேர்த்து எவ்வளவு எடை என்று அதில் போட்டிருக்கும். 15 என்று இருந்தால் 20 மாட்டக் கூடாது. "மெதுவாகத்தானே ஓட்டப்போகிறேன்" என்பது இதற்குப் பதில் ஆகாது, ஏனென்றால் எடை மெதுவாக ஓட்டினாலும் குறையாது. உங்கள் பழைய மோட்டாரைவிடப் புதியது பத்துப் பதினைந்து கிலோவாவது கூடுதலாக இருக்கும், அது முழுவதும் படகின் கடைக்கோடியில் தொங்கும். அப்புறம் டில்லரை, அதாவது மோட்டாரைத் திருப்பும் கைப்பிடியை, பிடித்துக்கொண்டு நீங்களும் பின்னால்தான் உட்காருவீர்கள். மோட்டாரை மாட்டிய பிறகு படகைத் தண்ணீரில் விட்டு, உங்கள் இடத்தில் உட்கார்ந்து, டிரான்சத்தின், அதாவது படகின் பின்பலகையின், மேல்விளிம்பு தண்ணீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று வேகத்தைக் குறைத்தால் பின்னால் துரத்திவரும் அலை அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். எரிபொருள் டேங்கையும் பேட்டரியையும் முன்னால் தள்ளி வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

இனி டிரான்சம். படகின் பின்பலகை அலுமினியத் தகடாகத் தெரிந்தாலும், மோட்டாரைத் தாங்குவது அந்தத் தகடு அல்ல. உள்ளே இருக்கும் மரம்தான். பெரும்பாலான படகுகளில் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. அளவுக்குத் தடிமனான பிளைவுட் அங்கே இருக்கிறது. மோட்டார் முன்னோக்கித் தள்ளும்போது நடப்பது இதுதான்: புரொப்பெல்லர், மோட்டாரை டிரான்சத்தில் பிடித்திருக்கும் பிராக்கெட்டைவிட ஒன்றரை இரண்டு அடி கீழே இருந்து தள்ளுகிறது. அதனால் பிராக்கெட்டின் அடிமுனை தகட்டை உள்ளே அழுத்தும், மேல்முனை பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். ரிவர்ஸ் போட்டால் இது தலைகீழாக மாறும். இந்த இழுபறி முழுவதையும் மரம் வாங்கிக்கொண்டு, இரண்டு மூலைகளிலும் உள்ள முக்கோணத் தாங்கிகள் வழியாகப் படகின் பக்கவாட்டுக்குக் கடத்துகிறது. மரம் உளுத்திருந்தால் எத்தனை போல்ட் போட்டாலும், எவ்வளவு நல்ல போல்ட் போட்டாலும் பயனில்லை.

மரத்தைச் சோதிப்பது எளிது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் டிரான்சம் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும், ஊறிய இடம் 'பொத்' என்று அடங்கிப்போகும். பிறகு பழைய மோட்டாரை மாட்டி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து ஒருவர் மேலும் கீழும் அழுத்த, இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பையும் மூலைகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். தகடு மூச்சு விடுவதுபோல அசைந்தால் மரம் கெட்டுவிட்டது, சந்தேகமே வேண்டாம். அதோடு திருப்தி வரவில்லையென்றால், உள்பக்கம் தாழ்வான ஓரிடத்தில் 3 மி.மீ. டிரில்லால் மரத்தில் மட்டும் ஒரு சிறு துளை போட்டுத் தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறத்தில் காய்ந்த தூளாக உதிர்ந்தால் சரி. கருத்த, ஈரமான, உருட்டினால் உருளுகிற விழுதாக வந்தால் மரத்தை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். சோதித்த துளையை எபாக்ஸியால் (இரண்டு பாகமாகக் கலந்ததும் இறுகும் பசையால்) அடைக்க மறக்காதீர்கள். மூலைத் தாங்கிகளைச் சுற்றியுள்ள ரிவிட்டுகளையும் பாருங்கள். தளர்ந்த ரிவிட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அலுமினியம் அதிர்ந்து அதிர்ந்தே களைத்துப்போகும் உலோகம், விரிசல் தானாக நிற்காது.

மரம் மாற்ற வேண்டி வந்தால் பழையதையே அச்சாக வைத்து வெட்டுங்கள். 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை எபாக்ஸியால் ஒட்டினால் ஏறக்குறைய பழைய தடிமன் கிடைக்கும். எல்லாப் பக்கங்களிலும் எபாக்ஸி பூசுங்கள், விளிம்புகளுக்கு இரண்டு மூன்று தரம் கூடுதலாக. தண்ணீரை உறிஞ்சுவது விளிம்புதான். ஒரே ஒரு கண்டிப்பு: அழுகாமல் இருக்க ரசாயனம் ஏற்றிய பச்சை நிற மரப் பலகையை இங்கே வைக்காதீர்கள். நீண்ட நாள் உழைக்கும் என்று நம்பிச் சிலர் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். அதில் இருக்கும் செம்பு, ஈரம் பட்டதும் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். மரம் அப்படியே இருக்கும், படகில் ஓட்டை விழும்.

மரம் கெட்டியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது உயரம். டிரான்சத்தின் மேல்விளிம்பின் நடுவிலிருந்து, மோட்டார் உட்காரும் இடத்திலிருந்து, படகின் அடித்தகடு வரை நேராக அளந்துகொள்ளுங்கள். 15 அங்குலத்துக்கு அருகில் வந்தால் ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டுள்ள மோட்டார்), 20 என்றால் லாங் ஷாஃப்ட், 25 என்றால் எக்ஸ்ட்ரா லாங். மூலையிலிருந்து அளந்தால் தப்பாக வரும், பல படகுகளில் நடுப்பகுதியைத் தாழ்த்தி வெட்டியிருப்பார்கள். 15 அங்குல டிரான்சத்தில் லாங் ஷாஃப்ட் மாட்டினால் தண்ணீரை உழுதுகொண்டு, தெறிக்கவிட்டுக்கொண்டு போகும். 20 அங்குலத்தில் ஷார்ட் ஷாஃப்ட் மாட்டினால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும், குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் எஞ்சினே சூடாகிவிடலாம். ஷாஃப்ட் பொருந்தவில்லையென்றால் வாங்கிய இடத்தில் மாற்றித்தரச் சொல்லிக் கேட்பதுதான் நல்லது.

ஷாஃப்ட் பொருந்தினால், புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைக் கவனியுங்கள். படகின் அடித்தகட்டுக்குச் சமமட்டத்திலோ, அதிலிருந்து ஓர் அங்குலம் உயரத்துக்குள்ளோ அந்தத் தட்டு இருக்க வேண்டும். ஒரு நீளமான நேர்க்கட்டையை அடித்தகட்டோடு ஒட்டிப் பிடித்தால் உடனே தெரியும். இங்கே அலுமினியப் படகுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. அடியில் நடுவே ஓடும் ஏரா சில படகுகளில் டிரான்சம் வரைக்கும் நீண்டிருக்கும். அது கலக்கிவிட்ட, காற்று கலந்த தண்ணீர் நேராகப் புரொப்பெல்லர்மேல் வந்து விழும். அப்படிப்பட்ட படகில் மோட்டாரைக் கொஞ்சம் இறக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு இறக்குவது என்பதைத் தண்ணீரில்தான் கண்டுபிடிக்க முடியும். உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 20 எச்.பி. மோட்டார்கள் பெரும்பாலானவற்றில் கிளாம்ப் திருகுகளும் போல்ட் துளைகளும் இரண்டுமே உண்டு. ஆகவே துளை போடும் முன்பே, கிளாம்பில் மட்டும் மாட்டி, ஒரு கயிற்றாலோ சங்கிலியாலோ மோட்டாரைப் படகோடு கட்டிவிட்டு, அமைதியான தண்ணீரில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். உயர்த்த வேண்டுமென்றால் பிராக்கெட்டுக்கு அடியில், டிரான்சத்தின் மேல்விளிம்பில், ஒரு கெட்டி மரத்துண்டை வைக்கலாம். கிளாம்ப் திருகின் தட்டுகள் முழுவதும் டிரான்சத்தின் மேல் பதிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எஞ்சின் நிறுத்தும் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தித் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். படகு எழும்பி ஓடும்போது புரொப்பெல்லருக்கு மேலுள்ள அந்தக் கிடைத்தட்டு தண்ணீரின் மேல்மட்டத்தை உரசிக்கொண்டு வந்தால் உயரம் சரி. திருப்பத்தில் எஞ்சின் திடீரென்று அலறி, தள்ளும் விசை காணாமல் போனால் மோட்டார் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறித் தெறித்து, படகு மந்தமாக இருந்தால் தாழ்வு. குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வருகிறதா என்பதை எல்லா உயரத்திலும் பாருங்கள்.

"இவ்வளவு நன்றாக ஓடுகிறதே, கிளாம்பே போதுமே" என்று அப்போது தோன்றும். போதாது. கிளாம்ப் வெறும் உராய்வில் நிற்கிறது. அதிர்வில் திருகு தளரும், மரம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், கரையில் கையால் முறுக்கிய இறுக்கம் நடுத்தண்ணீரில் இருக்காது. குழாயைச் செருகி இன்னும் இறுக்கலாம் என்று நினைத்தால் பிராக்கெட்டில்தான் விரிசல் விழும்.

நடுக்கோட்டை டிரான்சத்தின் இரண்டு பக்கங்களிலிருந்தும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், படகின் முன்முனையிலிருந்து இரண்டு பின்மூலைகளுக்கும் அளந்தும் சரிபாருங்கள். சில மி.மீ. விலகல் ஒன்றும் செய்யாது. பிராக்கெட்டையே அச்சாக வைத்துத் துளைகளைக் குறியுங்கள். நீள்வட்டத் துளையாக இருந்தால் போல்ட் அதன் நடுவில் வருகிற மாதிரி குறித்தால், பிறகு மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளலாம். பெரிய மோட்டார்களில் நான்கு போல்ட்டுக்குப் பொதுவான ஓர் அளவு இருக்கிறது: மேல் துளைகளுக்கு இடையே 327 மி.மீ., கீழே 251 மி.மீ., இரண்டு வரிசைக்கும் நடுவே 203 மி.மீ. உங்கள் மோட்டாருக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை.

தண்ணீர் இறங்குமா என்று கேட்டீர்கள். படகுக்குள் வருவது பெரிய பிரச்சினை இல்லை, இறைத்துவிடலாம். துளையின் சுவர் வழியாக மரத்துக்குள் ஊறுவதுதான் ஆபத்து. அதனால் துளையை இரண்டு முறை போடுங்கள். முதலில் வெளியிலிருந்து மெல்லிய டிரில்லால், சாயாமல், நேராக ஊடுருவத் துளையுங்கள். அப்புறம் உள்பக்கத்திலிருந்து, போல்ட்டைவிட 5, 6 மி.மீ. பெரிய டிரில்லால், வெளித்தகட்டைத் தொடாமல் மரத்தை மட்டும் அகலமாக்குங்கள். டிரில்லில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் தகடு தப்பிக்கும். வெளித்துளையை டேப்பால் அடைத்துவிட்டு, நிரப்புத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்புங்கள். அது நன்றாக இறுகிய பிறகு போல்ட் அளவுக்குத் திரும்பவும் துளையுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, எபாக்ஸிக் குழாய்தான் இருக்கிறது. தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் என்றாவது தோற்றாலும் மரம் நனையாது. கூடவே, போல்ட்டை இறுக்கும்போது மரம் அமுங்குவதும் குறையும்.

போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ், பிராக்கெட் துளையில் ஆடாமல் உட்காரும் அளவில், நைலான் வளையம் உள்ள லாக் நட்டோடு. உள்பக்கம் சின்ன வாஷர் வேண்டாம். மேல் போல்ட்டுகளில்தான் இழுவிசை என்று சொன்னேன் அல்லவா, அங்கே இரண்டு போல்ட்டுகளையும் சேர்த்து ஒரே 6 மி.மீ. அலுமினியப் பட்டை கொடுங்கள், அதன்மேல் அகல வாஷர். ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாகக் கரையும், எனவே போல்ட் தண்டிலும் தலைக்கு அடியிலும் அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். செம்புத்தூள், கிராஃபைட் கலந்த கிரீஸ் வகைகளும் பித்தளை வாஷரும் நேர் எதிரான வேலையைச் செய்யும்.

சீலன்ட்டுக்குப் பாலியூரித்தேன் வகையில் கடல்சார் பயன்பாட்டுக்கானதை வாங்குங்கள், என்றாவது மோட்டாரைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் நிரந்தரமாக ஒட்டும் ரகம் வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் அலுமினியத்தை அரிக்கும். சீலன்ட்டை வெளிப்பக்கம் மட்டும் துளையைச் சுற்றியும் போல்ட் தலைக்கு அடியிலும் வையுங்கள். உள்பக்கம் விட்டுவிட்டால், கசிவு ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரியும். இறுக்கும்போது வெளியே ஒருவர் போல்ட் தலையை அசையாமல் பிடிக்க, உள்ளே நீங்கள் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை சுழன்றால் சீலன்ட் கிழியும். இம்பாக்ட் மெஷின் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் மரைகள் வேகத்தில் சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையேட்டில் சொன்ன இறுக்கத்தோடு நிறுத்துங்கள், நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரியட்டும். கிளாம்ப் திருகுகளையும் கையால் முறுக்கி விடுங்கள், அவை கூடுதல் காவல்.

மோட்டாருக்குப் பதிலாகத் தாமே அரிபட்டு அதைக் காக்கும் ஆனோடு கட்டிகள் மோட்டாரில் இருக்கும், அவற்றுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினிய ஆனோடு, நன்னீருக்கு மெக்னீசியம்.

முதல் முறை ஓட்டிவிட்டு வந்ததும் நட்டுகளை ஒரு தரம் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் படிந்திருக்கும். அதன் பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை போதும், மூலைத் தாங்கிகளின் ரிவிட்டுகளையும் சேர்த்து. படகை டிரெய்லரில் இழுத்துச் செல்பவராக இருந்தால் இன்னொன்று: சாய்த்து நிறுத்தும் கொக்கியை நம்பி மோட்டாரைத் தூக்கிவைத்தபடி சாலையில் போகாதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் எடை நெம்புகோலாக டிரான்சத்தை உலுக்கும். தரைக்கு இடைவெளி இருந்தால் மோட்டாரை நேராக இறக்கிவையுங்கள், இல்லையென்றால் டிரெய்லரிலிருந்து மோட்டாரின் அடிப்பகுதிக்கு ஒரு முட்டுத்தண்டு கொடுங்கள்.