மறுமணம் செய்துகொண்டால் இளவரசிப் பட்டம் போய்விடுமா?

டென்மார்க்கின் அலெக்ஸாண்ட்ராவுக்குப் போனது. 1964-இல் ஹாங்காங்கில் பிறந்தவர். தந்தை வழியில் சீன ரத்தமும் உண்டு. 1995 நவம்பரில் ராணி இரண்டாம் மார்கரெத்தின் இளைய மகன் யோவாகிமை ஃபிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனைத் தேவாலயத்தில் மணந்தார்.

டேனிஷ் மக்கள் அவரிடம் மனதைப் பறிகொடுத்தது மொழியால்தான். பாதி எழுத்துகளைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடும் மொழி அது. பழக்கூழும் பாலாடையும் சேர்ந்த ‘ரோத்குரோத் மெத் ஃப்ளோத’ என்ற இனிப்பின் பெயரைச் சொல்லச் சொல்லியே வெளிநாட்டினரைச் சோதிப்பார்கள். அந்த மொழியை அலெக்ஸாண்ட்ரா மிகச் சீக்கிரம் சரளமாகப் பேசினார். புகுந்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை என்பேன்.

2005-இல் விவாகரத்து, டேனிஷ் அரச குடும்பத்தில் 1846-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அப்போது ராணி அவருக்கு ‘ஃபிரெடெரிக்ஸ்போர்க் கோமாட்டி’ என்ற பட்டத்தைத் தனிப்பட அளித்தார். உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இளவரசிப் பட்டம் திருமணத்தால் வந்தது. 2007-இல் மார்ட்டின் யோர்கன்சனை மணந்ததும் அது நீங்கியது. கோமாட்டிப் பட்டம் அவருடைய பெயருக்கே தரப்பட்டதால் நிலைத்தது. 2015-இல் அந்த இரண்டாவது திருமணமும் முறிந்தது.

2023 ஜனவரியில் அவருடைய மகன்கள் நிக்கோலாய், ஃபெலிக்ஸ் இருவரும் இளவரசர் பட்டத்தை இழந்தார்கள். மகன்களுக்கு நேர்ந்த இந்த இழப்புதான் என்னை அதிகம் வருத்துகிறது. அவர்களுக்கு அது பிறப்பால் வந்த பட்டம்.